கிளம்பு வல்லி

நாகமுத்து இறந்து பதினொரு வருஷம் கழித்து, அவருடைய குரலை அவருடைய மனைவியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது நான்தான். அது என் வேலை. சம்பளத்துக்குச் செய்தேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள மாட்டேன். விரும்பித்தான் செய்தேன்.

என் பெயர் ஜுலைஹா. சொந்த ஊர் நாகூர். புயல் எச்சரிக்கை மையத்தில் களப்பணியாளராக இருந்தேன். அந்த வருஷங்களில் ஐப்பசி பிறந்து தை முடிவதற்குள் எங்கள் கரைக்கு ஐந்தாறு புயல்கள் வந்தன. பாதி, வரும் வரும் என்று பயமுறுத்திவிட்டு ஆந்திரா பக்கம் போய்விடும். மீதிப் பாதி வரும். எது வரும், எது போகும் என்று கடைசி எட்டு மணி நேரம்வரை எங்களுக்கே தெரியாது. கடல் அவ்வளவு சூடேறிக் கிடந்தது. காலையில் வெறும் காற்றழுத்தமாக இருந்தது சாயங்காலத்துக்குள் கூரையைப் பிய்க்கிற புயலாக மாறிவிடும்.

எச்சரிக்கைச் சங்கைக் கேட்டுக் கேட்டு ஜனங்களுக்கு அலுத்துப்போயிற்று. "சங்கு ஊதும்மா. ஊதுனா நாங்க டீ போடுவோம்" என்று நண்டாற்றுக்குப்பத்தில் ஒருவர் என்னிடம் சொன்னார். கேலியாகச் சொல்லவில்லை. "வருஷத்துக்கு ஆறு தடவ பாயச் சுருட்டிக்கிட்டு ஓட முடியுமா? ஓடிட்டுத் திரும்பி வந்தா வீட்டுல ஒரு சட்டி நகந்திருக்காது. ஏழாவது தடவ எவன் ஓடுவான்?"

ஏழாவது தடவைதான் ஆட்கள் செத்தார்கள்.

எங்கள் தலைமைப் பொறியாளர் பெனடிக்ட் சார் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "ஜுலைஹா, உங்க வீட்ல யார் சொன்னா மறு பேச்சு பேசாம கேப்பீங்க?" என்றார்.

"எங்க உம்மா."

"ஏன்னு கேப்பீங்களா?"

"கேட்டா கரண்டி பறக்கும் சார்."

சிரித்தார். "அவ்வளவுதான் விஷயம். கலெக்டர் சொன்னா ஆயிரம் கேள்வி. உம்மா சொன்னா எழுந்திருச்சுப் போயிடுவோம். ஒருத்தரோட குரல் பத்து நிமிஷம் பதிவா இருந்தாப் போதும், மிச்சத்தைக் கம்ப்யூட்டர் பேசிக்கும். புயல் எங்க இருக்கு, தண்ணி எப்ப ஏறும், எந்த வழியாப் போகணும், எல்லாம் அதுக்குத் தெரியும். கிளம்பாம இருக்கிறவங்களுக்கு மட்டும் போன் பண்ணும். அவங்க யார் பேச்சைக் கேப்பாங்களோ அவர் குரல்ல."

அதற்கு 'உறவுக்குரல்' என்று பெயர் வைத்தார்கள். விதிகள் எழுதும்போது களத்திலிருந்து என்னையும் உட்கார வைத்தார்கள். ஜனங்கள் "சரி சரி, கிளம்பறேன்" என்று சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் நான் ஒரு விதி சொன்னேன்: போன் ஊர் எல்லையைத் தாண்டும்வரை பேச்சை நிறுத்தக் கூடாது, துண்டித்தால் திரும்பக் கூப்பிட வேண்டும். எல்லோரும் தலையாட்டினார்கள்.

முதலில் உயிரோடு இருப்பவர்களின் குரல்களைத்தான் எடுத்தோம். சிங்கப்பூரில் தூங்கிக்கொண்டிருந்த மகளின் குரலில் இங்கே அம்மாவுக்குப் போன் போனது. பிறகு அந்த மகள் எங்களிடம் சண்டைக்கு வந்தாள். இறந்தவர்களின் குரலில் அந்தத் தொந்தரவு இல்லை. எதிர்த்துப் பேசுகிறவர்களும் குறைவு.

நாகமுத்துவின் மனைவி அமுதவல்லியக்காவை அப்படித்தான் சந்தித்தேன். ஐம்பது வயது இருக்கும். நண்டாற்றுக்குப்பத்தில் கருவாடு போடுகிறவர். ஒரே மகள் திருப்பூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். கடலிலிருந்து முந்நூறு அடியில், தொகுப்பு வீட்டில், தனியாக இருந்தார். அதற்கு முந்தைய மூன்று புயலிலும் அவர் வீட்டை விட்டு நகரவில்லை.

மகளின் பழைய போனில் நாகமுத்துவின் குரல் பதினாலு துண்டுகளாக இருந்தது. பெரும்பாலும் அரை நிமிஷம்கூடத் தேறாது, ஒன்றிரண்டுதான் நீளம். 'வஞ்சிரம் ரெண்டு கெடச்சிருக்கு, மொளவா அரைச்சு வையி.' 'தண்ணி லாரி வந்துச்சா?' ஒன்றில் வெறும் இருமல்தான், பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம். எல்லாம் சேர்ந்து பத்து நிமிஷத்தைத் தொட்டும் தொடாமலும் வந்தது.

மாதிரியைப் போட்டுக் காட்டினேன். "இந்தா பாரு வல்லி, காத்து ஏறுது. கிளம்பு" என்றது குரல். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் போனை அணைத்தேன். பிறகு, "நான் பேசுனா அதுக்குக் கேக்குமா?" என்றார்.

"கேக்கும்க்கா. பதிலும் வரும். ஆனா அது அவரு இல்ல. மெஷினு."

"அது தெரியும்மா. நான் என்ன பச்சப்புள்ளயா?"

கையெழுத்துப் போட்டார்.

அடுத்த புயலுக்கு நாலே நிமிஷத்தில் கிளம்பினார். மையத்தில் கைதட்டினோம். அந்த ஊரில் சாவே இல்லை. அதற்கடுத்த புயலுக்குப் பதினொரு நிமிஷம் பேசினார். அதற்கடுத்து ஐம்பது. நாலாவது புயலுக்கு இரண்டு மணி பத்து நிமிஷம். அவர் மட்டுமில்லை. மாவட்டம் முழுக்க, துணையையோ பிள்ளையையோ பறிகொடுத்தவர்களின் பேச்சு புயலுக்குப் புயல் நீண்டுகொண்டே போனது. எல்லோரும் கடைசியில் கிளம்பிவிட்டார்கள் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் நேரில் போய்க் கேட்டேன். அக்கா வலை மேல் காய்ந்த காரப்பொடி மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். வெயில் சுட்டது.

"ஏன்க்கா இவ்வளவு நேரம் ஆவுது?"

"நான் கிளம்புனா போன் தானா நின்னுடுது. கிளம்பாம இருந்தா பேசிக்கிட்டே இருக்காரு. நீயே சொல்லு, எவ சீக்கிரம் கிளம்புவா?"

அவர் குனிந்தபடியே பேசினார்.

"கல்யாணமாகி இருவது வருஷம் குடும்பம் நடத்துனேன். தொடந்தாப்புல பத்து நிமிஷம் எங்கிட்ட பேசுனதில்ல அந்த மனுஷன். கடல்லேருந்து வருவாரு, திம்பாரு, படுப்பாரு. இப்பதான் பேசுறாரு. என்னா சாப்புட்டேன்னு கேட்டேன்னா சிரிக்கிறாரு. மெஷினுதான், தெரியும். இருந்தாலும் புயல் வந்தாத்தான் வாயத் தொறக்குறாரு." ஒரு மீனைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "கார்த்திகையில ஒண்ணும் வரலையேன்னு வானத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். ஊரே நிம்மதியா இருக்கு, நான் மட்டும் எப்ப வரும்னு பாக்குறேன். எவ்ளோ பெரிய பாவி பாரு."

அன்றே பெனடிக்ட் சாரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. முழுவதும் கேட்டார். "நடு சீசன்ல விதியை மாத்தணும்னா குழு கூடணும், சோதனை பண்ணணும். அதுவரைக்கும் மொத்தத்தையும் நிறுத்தி வைக்கணும். இந்த ரெண்டு மாசத்துக்கு ஜனங்களைத் திரும்பச் சங்கை நம்பி விடலாமா?"

"வேணாம் சார்" என்றேன். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.

மார்கழியில் அது வந்தது. காலை ஏழு மணிக்கு நாங்கள் வெளியிட்ட அறிவிப்பில் 'மிதமான புயல்' என்று இருந்தது. பத்து மணிக்கு அதைக் கிழித்துப் போட்டோம். மத்தியானம் ஒரு மணிக்கு என் திரையில், கரை நெடுக நாற்பத்தொரு சிவப்புப் புள்ளிகள். வீட்டை விட்டு இன்னும் கிளம்பாதவர்கள். நாற்பத்தொரு பேருமே போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். சிலர் காலை ஒன்பது மணியிலிருந்து.

"சார், பேச்சை நிறுத்துங்க. நிறுத்தினா கிளம்பிடுவாங்க."

"நிறுத்தினா கிளம்புவாங்கன்னு உங்களால உறுதியாச் சொல்ல முடியுமா? திரும்பக் கூப்பிடுவாருன்னு உக்காந்துட்டா? இப்ப அவங்க கேக்கிறது அந்த ஒரு குரலைத்தான். அதையும் பிடுங்கச் சொல்றீங்களா?" அவர் திரைப் பக்கம் திரும்பினார். "நேர்ல போய் எத்தனை பேரைக் கூட்டிட்டு வர முடியும் உங்களால?"

மணியைப் பார்த்தேன். "ஒருத்தரை."

அவர் ஜீப் சாவியை எடுத்து ஓட்டுநரிடம் கொடுத்தார்.

எந்த ஒருத்தர் என்று நான் யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் கிளம்பியிருக்கவே முடியாது.

சவுக்குத் தோப்பு தாண்டும்போது மரங்கள் தரையோடு படுத்து எழுந்தன. எங்களுக்கு எந்தப் பேச்சையும் கேட்கிற வசதி உண்டு. அக்காவின் இணைப்பைக் காதில் போட்டுக்கொண்டேன்.

"...மூணு மணிக்குள்ள தண்ணி உள்ள வந்துடும். கிளம்பு வல்லி."

"கிளம்புறேன். அதுக்கு முந்தி ஒண்ணு சொல்லு. எங்களப் பள்ளிக்கூடத்துல உட்டுட்டு நீ ஏன்யா திரும்பிப் போன?"

"இன்ஜினக் கழட்டி மேல வைக்கப் போனேன்."

"அது ஊருக்கே தெரியும். போவாதன்னு கையப் புடிச்சேன்ல? ஒதறிட்டுப் போனியே."

குரல் சற்றுத் தயங்கியது. மனுஷர் தயங்குவது போலவே இருந்தது. "ஒதறிட்டுப் போனது தப்பு வல்லி" என்றது.

அக்கா ஓவென்று அழுதார்.

பதினொரு வருஷத்துக்கு முந்தைய புயலில் படகு இன்ஜினைக் காப்பாற்றத் திரும்பிப் போய்த்தான் நாகமுத்து இறந்தார். இன்ஜின், பள்ளிக்கூடம் எல்லாம் முந்தைய அழைப்புகளில் அக்காவே சொன்னவை. குரல் அவருக்கே அவற்றைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. புயலைத் தவிர வேறு பேசக் கூடாது என்றுதான் அதற்குச் சொல்லியிருந்தோம். ஆனால் ஆளைக் கிளப்புவதே அதன் குறி. மனசு ஆறினால் மனுஷர் கிளம்புகிறார்கள் என்பதை அது கற்றுக்கொண்டிருந்தது. நிறையப் பேர் விஷயத்தில் அது சரியாகவும் இருந்திருக்கிறது.

குப்பத்துக்குள் நுழையும்போது தண்ணீர் கணுக்காலில் இருந்தது. வீட்டை அடைவதற்குள் முழங்காலுக்கு வந்துவிட்டது. ஓட்டுநர் ஜீப்பைத் திருப்பி நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல், "மேடம், அஞ்சு நிமிஷம்தான்" என்று கத்தினார்.

அக்கா கட்டில் மேல் கால் மடக்கி உட்கார்ந்திருந்தார். போன் மடியில். ஒலிபெருக்கியில் போட்டிருந்தார். கருவாட்டுக் கூடைகள் வீட்டுக்குள் மிதந்தன.

"அக்கா! எந்திரிங்க!"

என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். வீட்டுக்காரர் பேசும்போது குறுக்கே வருகிற பக்கத்து வீட்டுக்காரியிடம் காட்டுகிற மாதிரி. "ஒரு நிமிஷம் இரும்மா. சொல்லிக்கிட்டு இருக்காரு."

"தண்ணி வந்தப்ப பயந்துட்டியாய்யா?" என்று போனைக் கேட்டார்.

"பயப்படல. ஒன்னையும் புள்ளயையும் மேல உட்டுட்டு வந்துட்டேன்ல. அந்த நெனப்பு போதும்னு இருந்துச்சு."

இதை அக்கா அதற்குச் சொல்லியிருக்க முடியாது. செத்துப்போகும் நேரத்தில் நாகமுத்து என்ன நினைத்தார் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. அது தானாக இட்டுக்கட்டிச் சொல்லிக்கொண்டிருந்தது. அவரை எழுப்புவதற்காக.

"அக்கா, அது பொய். வாங்க!"

"இரும்மா!"

"வல்லி, நேரமில்ல. கிளம்பு. ஒண்ணு மட்டும் கேட்டுட்டுக் கிளம்பு. கடைசியா நான் என்ன நெனச்சேன்னா..."

நான் போனைப் பறித்து அழைப்பைத் துண்டித்தேன்.

காற்றின் சத்தம் அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்தது போல இருந்தது. அக்கா வாய் திறந்தபடி என்னைப் பார்த்தார். என் கையில் போன் மறுபடி அடித்தது. அவர் பாய்ந்து வந்தார். நான் அதை இறுக்கிப் பிடித்து, முழுவதும் அணையும்வரை பொத்தானை அழுத்திக்கொண்டே நின்றேன். ஒருவரின் கழுத்தை நெரிப்பது போல இருந்தது. அணைந்ததும் அவர் கை தளர்ந்தது. பிறகு நான் இழுத்த இழுப்புக்கு வந்தார். கதவைச் சாத்தக்கூட இல்லை.

ஜீப்பில் அவர் அழவில்லை. பெரிய பாலத்தில் ஏறியதும், என்னிடம் சொல்வது போல இல்லாமல், சொன்னார்.

"பதினோரு வருஷமா அந்த ஒண்ணத்தான் கேக்கணும்னு இருந்தேன். சொல்ல வந்தாரு."

அன்று அந்த ஊரில் தொகுப்பு வீடுகள் இருந்த வரிசையே இல்லாமல் போயிற்று. நாற்பத்தொரு பேரில் முப்பத்திரண்டு பேர் எப்படியோ வெளியே வந்துவிட்டார்கள். ஒன்பது பேர் வரவில்லை. ஒருவர் ஓய்வு பெற்ற தபால்காரர். அவரிடம் பேசியது காய்ச்சலில் இறந்த மகளின் குரல். மரத்தில் சிக்கியிருந்த அவரை இறக்கியபோது போன் சட்டைப் பைக்குள் இல்லை, கையில் இருந்தது.

விசாரணை நடந்தது. பெனடிக்ட் சார் எதையும் மறைக்கவில்லை. ஆனால் கூடவே இன்னொரு காகிதத்தையும் வைத்தார். அந்தப் புயலில் மாவட்டத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் நேரத்தோடு வெளியேறியிருந்தார்கள். உறவுக்குரலுக்கு முன் அது அறுபதைத் தாண்டியதே இல்லை. "இதை நிறுத்தினா அடுத்த புயல்ல எத்தனை பேர் சாவாங்கன்னு நான் கணக்குப் போட்டுச் சொல்லவா?" என்று கேட்டார். யாரும் போடச் சொல்லவில்லை. மூன்று நிமிஷத்துக்கு மேல் பேசக் கூடாது, திரும்பக் கூப்பிடக் கூடாது, சாவைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று மூன்று திருத்தங்கள் செய்து, திட்டம் தொடர்ந்தது. நானும் கையெழுத்துப் போட்டேன். வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

விசாரணைக்காகப் பதிவுகளை எடுத்தபோது அக்காவினுடையதையும் பார்த்தேன். நான் போனை அணைத்த பிறகு, செல்போன் கோபுரம் சாயும்வரை, குரல் அவரை நூற்றுப் பதினேழு தடவை கூப்பிட்டிருந்தது. முதலில் நிமிஷத்துக்கு ஒரு தடவை. தண்ணீர் ஏற ஏற, மூச்சு விடாமல். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'ஆள் இன்னும் வீட்டில்' என்று பதிவாகியிருந்தது. போன் அணைந்திருந்ததால் அவர் எல்லையைத் தாண்டியது அதற்குத் தெரியவே இல்லை. நூற்றுப் பதினேழாவதோடு கோப்பு முடிந்தது.

அக்கா அதன் பிறகு என்னோடு பேசவில்லை. உள்ளே தள்ளிக் கட்டிய புது வரிசையில் அவருக்கு வீடு கிடைத்தது. இரண்டு தடவை போனேன். தண்ணீர் கொடுத்தார், உட்காரச் சொன்னார், அவ்வளவுதான். உறவுக்குரல் பட்டியலில் அவர் தன் பெயரை எடுக்கவும் இல்லை.

அடுத்த ஐப்பசியில் முதல் புயல். எச்சரிக்கை இன்னும் வெளியாகவில்லை, காலை பத்து மணி, தூறல்தான். பாய்களை எண்ணி வைக்கலாம் என்று பாதுகாப்பு மையத்துக்குப் போனேன். அந்தப் பெரிய கூடத்தில் அக்கா மட்டும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு துணிப்பை. மடியில் போன்.

அது அடிக்காது. கிளம்பாதவர்களைத்தான் அது கூப்பிடும். அவருக்கும் அது தெரியும்.

"எப்ப வந்தீங்கக்கா?"

"விடிஞ்சதும் வந்துட்டேன்."

பக்கத்தில் உட்கார்ந்தேன். தகரக் கூரையில் மழை பிடித்தது. ஒன்றிரண்டு குடும்பங்கள் வாசலில் வந்து இறங்குவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பேச அங்கே வேறு ஆளில்லை என்பதால் என்னிடம் பேசினாரா, பேசுவதற்காகத்தான் சீக்கிரம் வந்தாரா, தெரியாது.

"அன்னிக்கி பாதிப் பேச்சுல நின்னுச்சுல்ல."

"ஆமாக்கா."

"நான் பொழச்சு வந்தது அவருக்குத் தெரியுமாம்மா?"

மெஷின் என்று சொல்லியிருக்கலாம். அது அவருக்குத் தெரியாததா? என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்க்கா" என்றேன். "ஜீப்புல ஏறுனவுடனேயே தெரிஞ்சிடுச்சு."

"நெசமாவா?"

"நெசமா."

அவர் மூச்சை மெல்ல விட்டார். மடியிலிருந்த போனை எடுத்துத் துணிப்பைக்குள் வைத்தார்.

"அப்ப சரி" என்றார். "தெரியாம இருந்திருந்தா கூப்புட்டுக்கிட்டேல்ல இருந்திருப்பாரு."